பத்து நிமிட வேகப் பயிற்சி ஒரு மணி நேர நடைக்கு ஈடாகுமா? கடலூர், புதுச்சேரிக்காரர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

"தினமும் ஒரு மணி நேரம் நடக்க எங்கே நேரம்? பத்து நிமிஷம் மூச்சு வாங்க ஓடிட்டா போதாதா?" சிப்காட்டில் ஷிப்ட் பார்க்கிறவரும் கேட்கிறார், விடியற்காலையில் நெய்வேலி பஸ் பிடிக்கிறவரும் கேட்கிறார், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு வேலைக்கு ஓடும் பெண்களும் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். பதில், நீங்கள் உடற்பயிற்சியிடம் எதை எதிர்பார்க்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

இதயமும் நுரையீரலும் பலப்பட வேண்டும் என்றால் ஈடாகும், பெருமளவுக்கு. சர்க்கரை கட்டுப்பட வேண்டும் என்றால் உதவும், ஆனால் அது மட்டும் போதாது. எடை குறைய வேண்டும் என்றால் ஈடாகாது. நீண்ட நேரம் தாங்கும் உடம்பு வேண்டும், மூட்டும் தசைநாரும் உறுதிப்பட வேண்டும் என்றாலும் ஈடாகாது. வாரத்தில் இரண்டு நாள் நடைக்குப் பதிலாக வேகப் பயிற்சியை வைத்துக்கொள்ளலாம், மற்ற நாட்களில் நடை தொடர வேண்டும். எங்கள் பரிந்துரை இதுதான். அதை எப்படிச் செய்வது, எங்கே சறுக்கும் என்பதைப் பார்ப்போம்.

ஆய்வுகள் உண்மையில் சொல்வது

செல்போனில் வரும் "நான்கு நிமிட தபாட்டா" வீடியோக்களுக்கு அடிப்படை, 1996-ல் ஜப்பானில் இசுமி தபாட்டா குழு வெளியிட்ட ஆய்வு. சைக்கிள் இயந்திரத்தில் 20 விநாடி உச்ச வேகம், 10 விநாடி ஓய்வு, இப்படி ஏழெட்டு சுற்று. அந்த 20 விநாடியின் கடுமை, உடல் உச்ச அளவில் ஆக்சிஜன் பயன்படுத்தும் நிலையைப் போல 170 சதவீதம். எட்டாவது சுற்றில் மிதிக்கவே முடியாமல் ஆள் ஓய்ந்துபோக வேண்டும் என்பதுதான் அளவுகோல். ஆறு வாரத்தில், தினம் ஒரு மணி நேரம் மிதமாக மிதித்தவர்களுக்குச் சமமாக ஆக்சிஜன் திறன் உயர்ந்தது. வீடியோக்கள் சொல்லாமல் விடுகிற விஷயம் ஒன்று உண்டு. அந்த வேகக் குழுவினரும் வாரத்தில் ஒரு நாள் 30 நிமிடம் மிதமான பயிற்சி செய்தார்கள்.

அடுத்தது கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகம், 2016. உடலுழைப்பே இல்லாத ஆண்களில் ஒரு குழுவுக்கு 20 விநாடி உச்ச வேகம் மூன்று முறை. இடையிலும் முன்பின்னும் மெதுவாக மிதிப்பதையும் சேர்த்து மொத்தம் பத்து நிமிடம். இன்னொரு குழுவுக்கு 45 நிமிடம் தொடர்ச்சியான மிதமான பயிற்சி. இரண்டும் வாரம் மூன்று முறை, 12 வாரம். இரு குழுவுக்கும் ஆக்சிஜன் திறன் ஏறத்தாழ 19 சதவீதம் உயர்ந்தது. வியக்கத்தக்க முடிவு. ஆனால் அது ஆய்வகத்தில், கடினமாக இறுக்கிய சைக்கிளில், பக்கத்தில் ஆள் நின்று ஊக்கப்படுத்தியபோது கிடைத்தது.

வயதானவர்களுக்கு நார்வேயின் டிரோன்ட்ஹெய்மில் நடந்த ஆய்வு முக்கியம். 70 முதல் 77 வயது வரையிலான 1,567 பேரை ஐந்து ஆண்டு தொடர்ந்து கவனித்து 2020-ல் முடிவை வெளியிட்டார்கள். மேற்பார்வையில் வேகப் பயிற்சியோ மிதமான பயிற்சியோ செய்தவர்களுக்கும், பொதுவான அரசு அறிவுரைப்படி தாமாக இயங்கியவர்களுக்கும் இறப்பு விகிதத்தில் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. அதனால் எழுபதைத் தாண்டியவர்கள் யாரும் "வேகமாகச் செய்தால்தான் ஆயுசு" என்று பயந்து ஓடத் தேவையில்லை.

எடைக் கணக்கையும் சொல்லிவிடலாம். 60 கிலோ எடையுள்ளவர் 45 நிமிடம் வேகமாக நடந்தால் ஏறத்தாழ 180 முதல் 200 கலோரி செலவாகும். பத்து நிமிட வேகப் பயிற்சியில் நூறைத் தாண்டுவதே கடினம். "பயிற்சி முடிந்த பிறகும் கொழுப்பு எரிந்துகொண்டே இருக்கும்" என்பது உண்மைதான், ஆனால் அதன் அளவு மிகச் சிறியது. வீடு திரும்பும் வழியில் சாப்பிடும் ஒரு மெதுவடையிலேயே திரும்ப வந்துவிடும்.

முதல் படி: யார் இன்றே தொடங்கக் கூடாது

இந்தப் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நாடு முழுக்க நடத்தி 2023-ல் வெளியிட்ட ஆய்வில், புதுச்சேரியில் பெரியவர்களில் 26.3 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய். கோவாவுக்கு அடுத்த இடம். அதாவது பீச் ரோட்டில் உங்களோடு நடக்கிற நான்கு பேரில் ஒருவருக்கு. சர்க்கரை உள்ளவருக்கு மாரடைப்பு வலியே தெரியாமல் வரலாம் என்பதால் இந்த எச்சரிக்கை.

நடக்கும்போது நெஞ்சில் இறுக்கம், தலைசுற்றல், அளவுக்கு மீறிய இரைப்பு இருந்தால் வேகப் பயிற்சி கூடாது. ஓய்வில் பிரஷர் 180-க்கு 110 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது குறையும்வரை காத்திருங்கள். சர்க்கரையால் விழித்திரையில் புது ரத்தக் குழாய்கள் வளர்ந்திருப்பதாகக் கண் மருத்துவர் சொல்லியிருந்தால், மூச்சைப் பிடித்துச் செய்யும் எந்தப் பயிற்சியும் கண்ணுக்குள் ரத்தக் கசிவை உண்டாக்கலாம். 45 வயதைத் தாண்டி இதுவரை உடற்பயிற்சியே செய்யாதவர், புகைப்பவர், குடும்பத்தில் சிறுவயதில் மாரடைப்பு கண்டவர், சர்க்கரை அல்லது பிரஷர் உள்ளவர் எல்லாரும் முதலில் மருத்துவரைப் பாருங்கள். "வேகமாக ஓடப் போகிறேன்" என்று வாய்விட்டுச் சொல்லிக் கேளுங்கள். "எக்சர்சைஸ் செய்யலாமா?" என்று பொதுவாகக் கேட்டால் நடையை நினைத்துக்கொண்டு "தாராளமாக" என்றுதான் பதில் வரும்.

மாத்திரைகளில் இரண்டு வகையைக் கவனிக்க வேண்டும். அடினோலால், மெட்டோப்ரோலால் போன்றவை நாடித் துடிப்பை ஏறவிடாது. அதனால் கீழே சொல்லும் துடிப்புக் கணக்கு அவர்களுக்குப் பொருந்தாது, அங்கேயே சொல்லும் மொபைல் எண் மூச்சுச் சோதனையை மட்டும் நம்ப வேண்டும். இன்சுலின் போடுகிறவர்களுக்கும் கிளிமெபிரைடு வகை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் சர்க்கரை சட்டென்று தாழலாம், சில சமயம் அன்று இரவிலும்கூட. தொடங்கும் முன் 90-க்குக் கீழ் இருந்தால் ஒரு வாழைப்பழம் சாப்பிட்டு, ஏறியதா என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். சட்டைப் பையில் கொஞ்சம் சர்க்கரையோ குளுக்கோஸோ இருக்கட்டும். கடும் பயிற்சி முடிந்த உடனே பார்த்தால் சர்க்கரை முன்பைவிடக் கூடுதலாகக் காட்டலாம். தசைக்கு எரிபொருள் தர கல்லீரல் அவிழ்த்துவிடும் சர்க்கரை அது, சற்று நேரத்தில் இறங்கிவிடும். பயந்து கூடுதல் மாத்திரை போட்டுவிடாதீர்கள்.

இரண்டாம் படி: நான்கு வாரம் நடை

இதயமும் நுரையீரலும் சில வாரங்களிலேயே தேறிவிடும். குதிகால் நரம்பு என்று நாம் சொல்லும் தசைநார், முழங்கால் மூட்டைச் சுற்றிய திசுக்கள், எலும்பு ஆகியவை உறுதிப்பட மாதக்கணக்கில் ஆகும். மூச்சு தாங்குகிறதே என்று இரண்டாவது வாரத்திலேயே பாய்ந்து ஓடுகிறவருக்கு ஆறாவது வாரத்தில் குதிகால் வலி வருவது இதனால்தான்.

வாரம் ஐந்து நாள் நடங்கள். முதல் வாரம் 15 நிமிடம், பிறகு 20, 25, 30. நான்காவது வார முடிவில் நிற்காமல் 30 நிமிடத்தில் இரண்டரை கிலோமீட்டராவது கடக்க முடிந்தால், மறுநாள் காலை படிக்கட்டு இறங்கும்போது முழங்கால் வலிக்காமல் இருந்தால், அடுத்த படிக்குப் போகலாம். இல்லையென்றால் இன்னும் இரண்டு வாரம் இதிலேயே இருங்கள், அதில் நஷ்டம் ஒன்றும் இல்லை.

மூன்றாம் படி: கடுமையை அளக்கக் கற்றுக்கொள்ளுதல்

குறுகிய பயிற்சியின் பலன் முழுக்கக் கடுமையில்தான் இருக்கிறது. கடுமை குறைந்தால் அது வெறும் குறைந்த பயிற்சி.

எளிய வழி மொபைல் எண் சோதனை. உங்கள் பத்து இலக்க எண்ணை வாய்விட்டு, ஒவ்வோர் இலக்கமாகச் சொல்லிப் பாருங்கள். ஒரே மூச்சில் பத்தும் வந்தால் மிதமான வேகம். ஐந்தாறு இலக்கத்தில் மூச்சு இழுக்க வேண்டியிருந்தால் நல்ல வேகம். "ஒன்பது... எட்டு..." என்று இரண்டு இலக்கத்துக்கு ஒருமுறை மூச்சு குறுக்கிட்டால் அதுதான் வேகப் பயிற்சிக்கான கடுமை. ஓர் இலக்கம்கூட வரவில்லையென்றால் உச்சம். அது 20 விநாடிக்கு மேல் தாங்காது, தாங்கவும் முயலாதீர்கள்.

நாடி பார்க்க விரும்பினால், வயதை 0.7-ஆல் பெருக்கி 208-லிருந்து கழியுங்கள். 45 வயதுக்காரருக்கு உச்சத் துடிப்பு ஏறத்தாழ 176. அதில் 85 சதவீதம் 150, 90 சதவீதம் 158. நின்றவுடன் மணிக்கட்டில் 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்குங்கள். 38 வந்தால் 152. கைக்கடிகாரம் காட்டும் எண்ணை 20 விநாடி ஓட்டங்களில் நம்ப வேண்டாம். துடிப்பு ஏறுவதே சற்றுத் தாமதமாக, கடிகாரம் அதைக் காட்டுவது இன்னும் தாமதமாக.

நான்காம் படி: மூன்று நிமிட வேகம், மூன்று நிமிட நிதானம்

ஐந்தாம் வாரம் முதல் எட்டாம் வாரம் வரை இதுதான். ஓட்டமே கிடையாது. ஜப்பானின் ஷின்ஷு பல்கலைக்கழகத்தில் நடுத்தர வயதினரையும் முதியோரையும் வைத்துச் சோதித்த முறை. 2007-ல் வெளியான முடிவில், ஒரே சீராக நடந்தவர்களைவிட இப்படி மாற்றி மாற்றி நடந்தவர்களுக்குத் தொடை வலுவும் மூச்சுத் திறனும் கூடுதலாக உயர்ந்தன, பிரஷரும் கூடுதலாகக் குறைந்தது. ஐம்பதைத் தாண்டிய பலருக்கு இந்தப் படியே போதும் என்பது எங்கள் கருத்து.

ஐந்து நிமிடம் சாதாரணமாக நடந்து உடம்பைச் சூடாக்குங்கள். பிறகு மூன்று நிமிடம், பஸ் கிளம்பிவிடப்போகிறது என்பது போல நடங்கள். காலடியை நீட்டி வைப்பதைவிடக் கையை முழங்கையில் மடக்கி வீசுவதுதான் வேகம் தரும். அடுத்த மூன்று நிமிடம் கடை வீதியில் வேடிக்கை பார்க்கும் நடை. இப்படி ஐந்து முறை. வாரம் மூன்று நாள் இது, இரண்டு நாள் சாதாரண நடை.

புதுச்சேரியில் இதற்குக் கடற்கரைச் சாலையைவிட நல்ல இடம் இல்லை. மாலை 6 மணி முதல் மறுநாள் காலை 7.30 வரை வண்டி வராது, தரை சமம். காந்தி திடலைச் சுற்றிக் கூட்டம் சேரும் என்பதால் நிதான நடையை அங்கே வருமாறு அமைத்துக்கொண்டால் யாரையும் இடிக்க வேண்டியிருக்காது.

கடலூரில் வெள்ளிக் கடற்கரையைத் தேடிப் போகிறவர்கள் மணலைப் புரிந்துகொள்ள வேண்டும். உதிரி மணலில் ஓட, கெட்டித் தரையைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் சக்தி செலவாகும். அது லாபம் போலத் தோன்றும். ஆனால் குதிகால் புதைந்து இறங்குவதால் கெண்டைக்கால் அளவுக்கு மீறி இழுபடும். திரும்பி உங்கள் காலடித் தடத்தைப் பாருங்கள். குதிகால் பதிந்த இடம் ஒரு விரல்கணு ஆழத்துக்கு மேல் போயிருந்தால் அங்கே நடக்கலாம், ஓடக் கூடாது. அலை நனைத்த கெட்டி மணல் ஓட ஏற்றது, ஆனால் அது கடல் பக்கமாகச் சரிந்திருக்கும். ஒரே திசையில் ஓடினால் கடல் பக்கத்துக் கால் தாழ்ந்தே இருந்து இடுப்பும் முழங்காலின் வெளிப்பக்கமும் வலிக்கும். எவ்வளவு தூரம் போனீர்களோ அவ்வளவு தூரம் அதே வரிசையில் திரும்பி ஓடினால் சமன்படும். சர்க்கரையால் பாதத்தில் உணர்வு குறைந்தவர்கள் மணலில் வெறுங்காலோடு இறங்கவே கூடாது. கிளிஞ்சல் கிழித்தது வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரியும்.

ஐந்தாம் படி: உண்மையான வேகப் பயிற்சி

ஒன்பதாம் வாரத்திலிருந்து வாரம் இரண்டு நாள். நடுவில் 48 மணி நேரமாவது இடைவெளி வேண்டும். கீழே உள்ள மூன்றில் உங்களுக்குத் தோதான ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்.

நான்குக்கு நான்கு. நார்வேயில் நன்கு ஆராயப்பட்ட முறை, பலன் உறுதியானதும் இதுதான். பத்து நிமிடம் உடம்பைச் சூடாக்கி, நான்கு நிமிடம் உச்சத் துடிப்பில் 85 முதல் 95 சதவீதம், மூன்று நிமிடம் நிதானம், இப்படி நான்கு முறை, கடைசி வேகத்துக்குப் பின் நிதானத்துக்குப் பதில் நேராக ஐந்து நிமிடம் மெதுவாக நடை. கூட்டிப் பார்த்தால் 40 நிமிடம். "குறுகிய பயிற்சி" என்று கேட்டு வந்தவருக்கு ஏமாற்றம்தான், ஆனாலும் முதல் இடம் இதற்கே கொடுப்போம். ஓடித்தான் ஆக வேண்டும் என்றில்லை, சைக்கிளில் செய்தால் மூட்டுக்குச் சிரமமே இல்லை.

ஒரு நிமிடம், பத்து முறை. ஒரு நிமிடம் வேகம், ஒரு நிமிடம் நிதானம். சூடேற்றுவது, ஆற்றுவது சேர்த்து 28 நிமிடம். மேட்டில் செய்வது சிறந்தது. ஏற்றத்தில் வேகம் குறைவு, பாதம் தரையில் மோதும் அதிர்வும் குறைவு, இதயத்துக்கோ அதே வேலை. நம் பகுதி முழுக்கச் சமவெளி என்பதால் கடலூர்க்காரர்களுக்குக் கேப்பர் மலை ஒரு வரம். லாரி போகும் சாலையை விட்டுவிட்டு, கிராமத்துக்குள் போகும் ஆளரவம் குறைந்த ஏற்றமாகப் பாருங்கள். ஏறும்போது வேகம், இறங்கும்போது நடை மட்டும். இறக்கத்தில் ஓடினால் தொடைத் தசை நீண்டபடியே பாரம் தாங்க வேண்டியிருப்பதால் மறுநாள் உட்கார்ந்து எழவே முடியாது.

படிக்கட்டு, 20 விநாடி, மூன்று முறை. உண்மையிலேயே பத்து நிமிடத்தில் முடிவது இது ஒன்றுதான். மாடிப்படி போதும். இரண்டு நிமிடம் மெதுவாக ஏறி இறங்குங்கள். பிறகு 20 விநாடி, முடிந்த அளவு வேகமாக ஏறுங்கள், ஒவ்வொரு படியாக. இரண்டிரண்டாகத் தாவினால் தடுக்கும். கைப்பிடிச் சுவரை ஒட்டியே ஏறுங்கள். நிதானமாக இறங்கி இரண்டு நிமிடம் நடை. இப்படி மூன்று முறை, மூன்றாவதுக்குப் பின் அந்த நடைக்குப் பதில் மூன்று நிமிடம் ஆற்றுதல். ஈரப் படி, சாக்ஸ் மட்டும் போட்ட கால், புடவையைத் தூக்கிச் செருகாமல் ஏறுவது, இந்த மூன்றால்தான் விழுகிறார்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் வெளியே போக முடியாத நாட்களுக்கும் இதையே வைத்துக்கொள்ளலாம்.

கோயில் படிகளில் இதைச் செய்ய வேண்டாம். திருவந்திபுரம் ஔஷதகிரிக்கு நிற்காமல் ஏறுவது உங்கள் தேர்ச்சியைப் பார்த்துக்கொள்ள நல்ல வாய்ப்பு, ஓடுவதற்கு அது இடமில்லை.

எங்கே தவறுகிறது

முதல் சுற்றிலேயே எல்லாவற்றையும் கொட்டிவிடுவதுதான் பெரும்பாலானோர் செய்யும் பிழை. முதல் நிமிடத்தில் எவ்வளவு தூரம் போனீர்களோ, அங்கே சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். கடைசிச் சுற்றிலும் அந்தக் கோட்டை எட்ட வேண்டும். பத்தடிக்கு மேல் குறைந்தால் தொடக்கம் அதிகம். சுலபமாகத் தாண்டினால் தொடக்கம் குறைவு.

முடித்ததும் சட்டென்று உட்காருவது அடுத்தது. அதுவரை காலிலிருந்து ரத்தத்தை மேலே தள்ளிக்கொண்டிருந்தது கெண்டைக்கால் தசை. அது நின்றதும் ரத்தம் காலிலேயே தேங்கி, தலைசுற்றி விழுகிறார்கள். மூன்று முதல் ஐந்து நிமிடம் நடந்துகொண்டே ஆறுங்கள்.

தினமும் செய்தால் சீக்கிரம் பலன் என்று நினைப்பதும் தவறு. காலையில் படுக்கையை விட்டு எழும் முன் எண்ணும் நாடி வழக்கத்தைவிட ஏழெட்டு கூடியிருந்தால், அல்லது தூக்கம் கெட்டிருந்தால், அன்று நடை மட்டும். இரவு ஷிப்ட் முடித்து வந்த காலையிலும் அப்படியே.

வெயிலைப் பற்றி நமக்குச் சொல்ல வேண்டியதில்லை, புழுக்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். கடலோரத்தில் காலையில் காற்று அசையாத நேரத்தில் வியர்வை காயாமல் சொட்டும். காயாத வியர்வை உடம்பைக் குளிர்விக்காது. கத்திரி வெயில் காலத்தில் சூரியன் எழும் முன் முடித்துவிடுங்கள், சுற்றுகளில் மூன்றில் ஒரு பங்கைக் குறையுங்கள். முன்பும் பின்பும் எடை பார்த்தால் எவ்வளவு நீர் போயிற்று என்று தெரியும். அரை கிலோ குறைந்தால் அரை லிட்டர். அடுத்த சில மணி நேரத்தில் அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் குடியுங்கள். உப்புப் போட்ட மோர் போதும், கலர் பானம் வேண்டாம்.

இரண்டு அறிகுறிகளுக்குக் காத்திருக்கவே கூடாது. நெஞ்சு, தாடை, இடது கை எங்காவது அழுத்தம் வந்தாலோ, ஓய்ந்த பிறகும் குளிர்ந்த வியர்வை கொட்டினாலோ 108-ஐ அழையுங்கள். கடும் பயிற்சிக்கு மறுநாளோ அதற்கடுத்த நாளோ சிறுநீர் கடும் டீ நிறத்தில் போனால், தசை சிதைந்து சிறுநீரகத்தை அடைக்கிறது என்று அர்த்தம். அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். நீண்ட இடைவெளிக்குப் பிறகு ஒரே நாளில் நூற்றுக்கணக்கில் பஸ்கி எடுக்கிற இளைஞர்களுக்குத்தான் இது அதிகம் வருகிறது.

வாரத்தை எப்படி அடுக்குவது

திங்கள், வியாழன் வேகப் பயிற்சி. செவ்வாய், சனி 40 நிமிட நடை. புதன், வெள்ளி தசைக்கு: நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுவது 12 தடவை, சுவரில் அல்லது தரையில் தண்டால் 10, ஐந்து கிலோ அரிசிப் பையை இடுப்பு மடக்கித் தூக்குவது 12, இவை மூன்று சுற்று. ஞாயிறு ஓய்வு. உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்ன கணக்கு, வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான பயிற்சி அல்லது 75 முதல் 150 நிமிடம் கடும் பயிற்சி, கூடவே இரண்டு நாள் தசைப் பயிற்சி. ஒரு கடும் நிமிடம் இரண்டு மிதமான நிமிடத்துக்குச் சமம். வேகப் பயிற்சிக்கு நான்குக்கு நான்கு முறையை எடுத்துக்கொண்டால் இந்த அட்டவணை அந்த அளவுக்குள் வரும். ஒரே தடவையில் பத்து நிமிடமாவது செய்தால்தான் கணக்கு என்ற பழைய விதியையும் அதில் எடுத்துவிட்டார்கள்.

அது கையில் நேரமே இல்லாதவருக்கு நல்ல செய்தி. 2022-ல் பிரிட்டனில், உடற்பயிற்சி செய்யாத 25,000-க்கும் மேற்பட்டவர்களின் கைக்கருவிப் பதிவுகளைப் பார்த்தார்கள். அன்றாட வேலைக்கு நடுவே தினம் மூன்று முறை, ஒன்றிரண்டு நிமிடம் மூச்சு வாங்க இயங்கியவர்களிடம் இதய நோய் இறப்பு ஏறத்தாழ பாதியாக இருந்தது. இது கவனித்துப் பார்த்த ஆய்வுதான், சோதித்து நிறுவியது அல்ல. ஆரோக்கியமானவர்கள் இயல்பாகவே சுறுசுறுப்பாக இருந்திருக்கலாம். இருந்தாலும் செய்து பார்க்கச் செலவில்லை. மொட்டை மாடிக்குத் துணி காயப்போடப் போகும்போது விறுவிறுவென்று ஏறுங்கள், தண்ணீர்க் குடத்தை ஒரே மூச்சில் கொண்டுபோய் வையுங்கள். சர்க்கரை உள்ளவர்கள் மூன்று வேளை சாப்பாட்டுக்குப் பிறகும் பத்துப் பத்து நிமிடம் நடந்தால், ஒரே தடவையாக அரை மணி நடப்பதைவிடச் சாப்பாட்டுக்குப் பிந்தைய சர்க்கரை நன்றாகக் கட்டுப்படும்.

12 வாரம் கழித்து, நான்காம் வார முடிவில் நடந்த அதே பாதையில், அதே நேரத்தில், 30 நிமிடம் நடந்து தூரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். காய்ச்சலோ ஊர்ப் பயணமோ வந்து பத்து நாள் விட்டுப்போனால், விட்ட இடத்திலிருந்து தொடங்காமல் நான்காம் படிக்கு இறங்கி ஒரு வாரம் செய்துவிட்டு ஏறுங்கள். டெங்கு, சிக்குன்குனியா வந்தவர்கள் மூட்டு வீக்கம் முழுதாக வடிந்த பிறகு, இரண்டாம் படியிலிருந்து.